30 ஏற்றி 25 குறைத்தேன், மீதி 5 எங்கே போச்சு?

பைக்காரர்:
வீட்டிலேயே துணிப்பை தைத்து இணையத்தில் விற்கிறேன். ஒரு பைக்குத் துணி, ஜிப், நூல், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 400. (எந்த ஊர்க் காசு என்று கேட்காதீர்கள், எந்தக் காசாக இருந்தாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் கவிழும்.) அதன்மேல் 30 சதவீதம் வைத்து 520 என்று விலை போட்டிருந்தேன். 60 பை விற்காமல் தேங்கிவிட்டது. சரி, 25 சதவீதம் தள்ளுபடி கொடுப்போம், 30-ல் 25 போனாலும் 5 நமக்கு நிற்குமே என்று கணக்குப் போட்டேன். மூன்றே நாளில் அத்தனையும் போய்விட்டது. சந்தோஷமாக நோட்டைத் திறந்தால் லாபம் என்று ஒன்றுமே இல்லை, முதலிலேயே கை வைத்திருக்கிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு? திட்டுவதென்றாலும் திட்டுங்கள், புரிகிற மாதிரி திட்டுங்கள்.

பேரேடு:
கூட்டல் சரியாகத்தான் இருக்கும். தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. நீங்கள் ஏற்றிய 30, 400-ல் 30 சதவீதம், அதாவது 120. குறைத்த 25, 520-ல் 25 சதவீதம், அதாவது 130. ஏற்றியது 120, இறக்கியது 130. ஒரு பைக்கு 10 நஷ்டம், 60 பைக்கு 600. 30-லிருந்து 25-ஐக் கழிக்கவே முடியாது, இரண்டும் வேறு வேறு எண்ணின் துண்டு. இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், கடை மூடிய ஆட்களில் பாதிப் பேர் இந்த ஒரு கழித்தலில் சிக்கியவர்கள்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

சும்மா வந்தவன்:
அப்படியென்றால் 20 ஏற்றி 20 குறைத்தாலும் பழைய இடத்துக்கு வராதா?

பேரேடு:
வராது. 100, 120 ஆகும். 120-ல் 20 சதவீதம் 24. மிச்சம் 96. முதலில் குறைத்துப் பிறகு ஏற்றினாலும் அதே 96தான். பாதி போனால், அதாவது 50 சதவீதம் விழுந்தால், பழைய இடத்துக்கு ஏற 100 சதவீதம் வேண்டும். 90 விழுந்தால் 900 ஏற வேண்டும். பங்குச் சந்தையில் போட்டுவிட்டு "விழுந்த அளவு ஏறிவிட்டால் போதும்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணக்கு டீச்சர்:
பைக்காரர் தம்பி, இனிமேல் சதவீதத்தைக் கூட்டிக் கழிக்காதீர்கள், பெருக்குங்கள். 30 ஏற்றுவது என்றால் 1.30-ஆல் பெருக்குவது. 25 குறைப்பது என்றால் 0.75-ஆல் பெருக்குவது, ஏனென்றால் 100-ல் 25 போனால் 75 மிச்சம். 1.30 × 0.75 = 0.975. விடை ஒன்றுக்குக் கீழே இறங்கியதுமே நஷ்டம் என்று தெரிந்துவிடும், 400 என்ற அடக்க விலைகூட வேண்டாம். நூற்றுக்கு இரண்டரை நஷ்டம்.

இன்னொரு லாபமும் உண்டு. பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது அல்லவா? அதனால் தள்ளுபடி போட்டுவிட்டு வரி சேர்ப்பதா, வரி சேர்த்துவிட்டுத் தள்ளுபடி போடுவதா என்று பில் முன்னால் நின்று சண்டை போட வேண்டியதில்லை. இரண்டும் சதவீதமாக இருக்கும்வரை கையிலிருந்து போகிற மொத்தத் தொகை ஒன்றுதான். அதேபோல "50 சதவீதம், அதன்மேல் இன்னும் 20 சதவீதம்" என்று எழுதியிருந்தால் 70 குறைவதில்லை. 0.5 × 0.8 = 0.4, குறைவது 60தான்.

இதே குணத்தால் மனக்கணக்கும் சுலபமாகும். 50-ல் 18 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். திருப்பிப் போடுங்கள், 18-ல் 50 சதவீதம். பாதி. 9. எண்ணும் சதவீதமும் இடம் மாறினால் விடை மாறாது. என் மாணவர்கள் இதை ஏதோ மந்திர வித்தை போலப் பார்ப்பார்கள், இரண்டு எண்ணைப் பெருக்கி நூறால் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

பைக்காரர்:
டீச்சர், புரிந்துவிட்டது, நன்றி. இன்னொரு சந்தேகம். கையில் வைத்திருக்கிற கால்குலேட்டரில் 400 + 30 % என்று அழுத்தினால் 520 வருகிறது. கம்ப்யூட்டரில் விரிதாளில் அதையே =400+30% என்று போட்டால் 400.3 வருகிறது. எது பொய் சொல்கிறது?

ராத்திரி ஷிப்ட்:
ரெண்டுமே உண்மைதான் சொல்லுது. விரிதாளுக்கு 30% என்றால் வெறும் 0.3. எதில் 30 என்று அதற்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை, அதனால் 0.3-ஐக் கூட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சின்னக் கால்குலேட்டர்கள் நிறைய, முன்னால் இருக்கிற எண்ணில்தான் கேட்கிறீர்கள் என்று தானே முடிவு பண்ணிக்கொள்ளும். விரிதாளில் =400*(1+30%) என்று போடுங்கள்.

சும்மா வந்தவன்:
எனக்கு ஒரு சின்னக் கேள்வி. இணையத்தில் விற்கிறேன் என்று சொன்னீர்களே, அந்தத் தளம் சும்மாவா விற்றுக் கொடுக்கிறது? கமிஷன் கிடையாதா?

பைக்காரர்:
ஐயோ. 8 சதவீதம் உண்டு. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அவர்கள் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 390-ல் 8 சதவீதம் 31.20. கைக்கு வந்தது 358.80. அப்படியானால் ஒரு பைக்கு நஷ்டம் 10 இல்லை, 41.20. 60 பைக்கு 2,472. கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

பேரேடு:
நடந்துவிட்டு வாருங்கள், வந்ததும் இதைப் படியுங்கள், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வியாபாரத்தில் "30 சதவீத லாபம்" என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அடக்க விலையில் 30 என்றால் மார்க்அப். விற்ற விலையில் 30 என்றால் மார்ஜின். 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால் லாபம் 20. வாங்கிய விலையில் பார்த்தால் அது 80-ல் 20, அதாவது 25 சதவீதம். விற்ற விலையில் பார்த்தால் 20 சதவீதம். லாபம் அதே 20தான், பெயர் மட்டும் இரண்டு. மொத்த வியாபாரி ஒன்றைச் சொல்லி நீங்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டு கை குலுக்கினால் வருஷ முடிவில் மனஸ்தாபம்தான்.

மார்ஜின் எப்போதும் 100-க்குக் கீழேதான் நிற்கும், விற்ற விலையை விட லாபம் பெரிதாக முடியாது. மார்க்அப்புக்கு அந்த உச்சவரம்பு இல்லை. 10-க்கு வாங்கி 40-க்கு விற்றால் மார்க்அப் 300, மார்ஜின் 75.

உங்களுக்கு ஏன் மார்ஜின் முக்கியம் என்றால், கமிஷன், தள்ளுபடி இரண்டும் விற்பனை விலையிலிருந்துதான் போகிறது. லாபத்தை மட்டும் அடக்க விலையில் வைத்து யோசித்தால் இரண்டு அளவுகோல் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே எண்ணின் மேல் கொண்டுவந்து வையுங்கள்.

பைக்காரர்:
வந்துவிட்டேன். சரி, விற்ற விலையில் 25 எனக்கு லாபமாக நிற்க வேண்டும், 8 கமிஷன். மொத்தம் 33. அப்படியானால் 400-க்கு மேல் 33 சதவீதம், 532. இப்போது சரியா?

பேரேடு:
இல்லை! பழையபடி 400-ல் எடுத்துவிட்டீர்கள். 532-க்கு விற்றுப் பாருங்கள். கமிஷன் 42.56 போனால் 489.44. அடக்கம் 400 போனால் 89.44. அது 532-ல் 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 25 எங்கே?

இப்படி யோசியுங்கள். விற்பனை விலை 100 பங்கு. அதில் 8 தளத்துக்கு, 25 உங்களுக்கு. மிச்சம் 67 பங்கு. அந்த 67 பங்கில்தான் உங்கள் 400 அடங்க வேண்டும். ஆகவே 400-ஐ 0.67-ஆல் வகுக்க வேண்டும். 597.

பைக்காரர்:
597. கமிஷன் 47.76. மிச்சம் 549.24. அதில் 400 போனால் 149.24. அது 597-ல்... 25 சதவீதம். அட! இவ்வளவு நாள் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினேன், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினேன்.

கணக்கு டீச்சர்:
முடிவு தெரிந்து தொடக்கத்தைத் தேடும்போதெல்லாம் வகுத்தல்தான். வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கிற இடத்திலும் இதே பள்ளம் இருக்கிறது. வரி 18 சதவீதம், பில்லில் 1,180 என்றால் 1,180-ல் 18 சதவீதம் எடுத்து 212.40 கழிப்பவர்கள் ஏராளம். 1,180-ஐ 1.18-ஆல் வகுத்தால் 1,000. வரி 180தான்.

விலைக்காரி:
நான் இதே தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவள், ஒரு வழி சொல்கிறேன். 597-ஐ இன்னும் 0.8-ஆல் வகுத்து 746 என்று விலை போடுங்கள். எப்போதும் "20 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள். வாங்குபவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் 597 வந்துவிடும்.

சும்மா வந்தவன்:
அதற்குப் பெயர் தள்ளுபடியா? ஒரு நாளும் 746-க்கு விற்காத பொருளை 746 என்று எழுதுவது ஏமாற்று வேலை. சதவீதத்தை வைத்து நடத்துகிற நாடகம்.

விலைக்காரி:
எல்லோரும் செய்கிறார்கள்.

பேரேடு:
எல்லோரும் செய்யவில்லை, அப்படியே செய்தாலும் பல நாடுகளில் பொய்யான பழைய விலையைக் காட்டி விற்பது சட்டப்படி தப்பு. அதை விட்டுவிட்டுக் கணக்காக மட்டும் பார்த்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 20 சதவீதப் பட்டைக்குப் பழகிய வாடிக்கையாளர், நிஜமாகவே தள்ளுபடி கொடுக்கிற அன்று 40 எதிர்பார்ப்பார்.

பைக்காரர்:
நான் 597-லேயே நிற்கிறேன். தேங்கினால் 10 சதவீதம் குறைப்பேன். 537.30, கமிஷன் 42.98, கைக்கு 494.32, லாபம் 94.32. இந்த முறை தள்ளுபடி போடும் முன்னாலேயே தெரிகிறது பாருங்கள்.

இன்னொரு செய்தி. இன்றைக்குத்தான் தளத்திலிருந்து கடிதம் வந்தது, அடுத்த மாதத்திலிருந்து கமிஷன் 8-லிருந்து 10. "வெறும் 2 சதவீத உயர்வு" என்று எழுதியிருக்கிறார்கள்.

கணக்கு டீச்சர்:
அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்திருப்பேன். 8-லிருந்து 10-க்குப் போனது 2 சதவீதப் புள்ளி. சதவீதமாகப் பார்த்தால் 25 சதவீத உயர்வு, 8-ல் 2 கால் பங்கு அல்லவா? நிஜமாகவே 2 சதவீதம் உயர்த்தியிருந்தால் 8.16 ஆகியிருக்க வேண்டும். வட்டி விகிதம், வேலையின்மை, தேர்தலில் வாக்கு விகிதம், இப்படி ஏற்கெனவே சதவீதமாக இருக்கிற எதைப் பற்றிப் பேசினாலும் புள்ளியா சதவீதமா என்று கேட்டுவிட வேண்டும். பெரிதாகக் காட்ட நினைப்பவர் 25 என்பார், சிறிதாகக் காட்ட நினைப்பவர் 2 என்பார். வங்கிக்காரர்கள் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கை ஓர் அடிப்படைப் புள்ளி என்று தனியாக எண்ணுகிறார்கள். கால் சதவீதப் புள்ளி ஏறினால் 25 அடிப்படைப் புள்ளி.

வார்டு நர்ஸ்:
இந்தப் பெரிதாகக் காட்டுகிற விஷயத்தில் ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன், எங்கள் பயிற்சியில் கேட்டது, மறக்கவே முடியவில்லை. 1995-ல் பிரிட்டனில் மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டி ஆபத்து இரண்டு மடங்காகிறது, அதாவது 100 சதவீதம் கூடுகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி பரவியதும் நிறையப் பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறக்குறைய 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள். இத்தனைக்கும் அந்த 100 சதவீதம் என்ன தெரியுமா? 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த ஆபத்து 7,000 பேரில் இருவருக்கு என்று ஆனது. கர்ப்பத்திலேயே இரத்தக்கட்டி ஆபத்து அதைவிட அதிகம்.

அன்றிலிருந்து "ஆபத்து இத்தனை சதவீதம் கூடும்" என்று யார் சொன்னாலும் "எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுவேன். சில டாக்டர்களுக்கு என்னைப் பிடிக்காது.

ராத்திரி ஷிப்ட்:
சிஸ்டர், அந்த சலைன் பாட்டிலில் 0.9% என்று போட்டிருக்கிறதே, அது எதில் 0.9?

வார்டு நர்ஸ்:
நல்ல கேள்வி. அங்கே எடைக்கு எடை கிடையாது. 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் உப்பு. 500 மில்லி பாட்டிலில் 4.5 கிராம். 5% குளுக்கோஸ் என்றால் 500 மில்லியில் 25 கிராம். அலகே வேறு வேறாக இருக்கிற சதவீதம், பழகாதவர்கள் தடுமாறுவார்கள்.

ராத்திரி ஷிப்ட்:
என் வேலையிலும் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிற இடம். திங்கள் 10 அழைப்பு, 9-ஐத் தீர்த்தோம், 90 சதவீதம். செவ்வாய் 200 அழைப்பு, 100-ஐத் தீர்த்தோம், 50 சதவீதம். எங்கள் மேலாளர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து சராசரி 70 என்று அறிக்கை அனுப்பினார். நிஜத்தில் 210-ல் 109, அதாவது 52-ஐக்கூடத் தொடவில்லை. சொன்னேன். "70-ஏ இருக்கட்டும்" என்றார்.

கணக்கு டீச்சர்:
சதவீதங்களின் சராசரி எடுப்பதற்கு முன்னால் கீழே இருக்கிற எண்கள் (இங்கே 10, 200) ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பார்த்தால் அப்பட்டமான பாரபட்சம். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அப்படி ஒன்றும் இல்லை. யாருக்குமே சுலபத்தில் இடம் கிடைக்காத துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள், மொத்தமாகச் சேர்த்தபோது அது பாரபட்சம் போலத் தெரிந்தது.

சும்மா வந்தவன்:
நான் கேட்க வந்தது இது இல்லை, ஆனால் இழை ஓடுகிற வேகத்தில் கேட்டுவிடுகிறேன். ஒரு கடன் 12 சதவீதத்துக்குக் கிடைக்கிறது. ஒரு வருஷம், மாதத் தவணை. வேறோர் இடத்தில் 16 சொல்கிறார்கள். 12-ஐ எடுத்துவிடலாம் அல்லவா?

பேரேடு:
பொறுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். 12 எதில்? முழு அசலிலா, குறைந்துகொண்டே வருகிற பாக்கியிலா?

சும்மா வந்தவன்:
"பிளாட்" என்று எழுதியிருக்கிறது.

பேரேடு:
நினைத்தேன். 1,00,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். பிளாட் 12 என்றால் வட்டி 12,000, மொத்தம் 1,12,000-ஐ 12 மாதத்தில் கட்டுகிறீர்கள், மாதம் 9,333. ஆனால் முதல் தவணை கட்டியதுமே உங்கள் கையில் 1,00,000 இல்லை. ஆறாவது மாதத்தில் பாதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கடைசி மாதத்தில் சில ஆயிரம்தான் பாக்கி. வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே ஓடிக்கொண்டிருக்கும். இருக்கிற பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இந்தக் கடன் ஏறக்குறைய 21.5 சதவீதம். அந்த 16, குறையும் பாக்கிக்கு என்றால், அதுதான் மலிவு. மாதத் தவணையில் கட்டுகிற கடனில் பிளாட் வட்டியை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உண்மை வட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும், மனக்கணக்குக்கு இது போதும்.

அதேபோல "மாதம் 2 சதவீதம்தான்" என்பதும். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் வருஷத்துக்கு 24 இல்லை, 26.8. மூன்று வருஷத்தில் கடன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை காலத்தில் இரட்டிக்கும் என்று தெரியும், 72-ஐ 2-ஆல் வகுத்தால் 36 மாதம். இந்தக் குறுக்குவழி 1494-ல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவுக் கணக்கை அச்சில் விளக்கியதும் அந்த நூல்தான், அதனால் அவர் எங்கள் ஆள்.

சும்மா வந்தவன்:
அண்ணே, நல்லவேளை கேட்டேன். நாளைக்கு அந்த 16-காரரைப் போய்க் குறையும் பாக்கியா என்று கேட்கிறேன்.

கணக்கு டீச்சர்:
தூங்கப் போகும் முன் எல்லோருக்கும் ஒரு கணக்கு. 100 கிலோ சேறு. அதில் 99 சதவீதம் தண்ணீர். வெயிலில் காய்ந்து தண்ணீர் 98 சதவீதம் ஆகிவிட்டது. இப்போது எடை எவ்வளவு?

ராத்திரி ஷிப்ட்:
99 கிலோ. ஒரு சதவீதம்தானே போனது.

விலைக்காரி:
98.9 மாதிரி ஏதோ வரும்.

பைக்காரர்:
பொறுங்கள், நான் போட்டுப் பார்க்கிறேன். தண்ணீர் எவ்வளவு போனது என்று தெரியாது, ஆனால் மண் எங்கேயும் போகாது. முதலில் மண் 1 கிலோ. கடைசியிலும் 1 கிலோ. ஆனால் இப்போது அது மொத்தத்தில் 2 சதவீதம். 1-ஐ 0.02-ஆல் வகுத்தால்... 50. 50 கிலோவா? பாதி எடை போய்விட்டதா?

கணக்கு டீச்சர்:
50தான் தம்பி.

ராத்திரி ஷிப்ட்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.